எண் எப்படி வந்தது என்று கேட்பவர்

கேள்வி: கணிதவியலாளர், புள்ளியியலாளர் இருவருமே எண்களோடும் சூத்திரங்களோடும்தான் காலம் கழிக்கிறார்கள். அப்படியிருக்க இரண்டு பெயர்கள் எதற்கு? எளிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு விளக்க முடியுமா?

பதில்: பூவா தலையா போட்டுப் பார்க்கும் நாணயமே இதற்குப் போதும். பூவுக்கும் தலைக்கும் சம வாய்ப்புள்ள நாணயம் என்று சொல்லி, அதை 100 முறை சுண்டினால் 60 முறையோ அதற்கு மேலோ தலை விழுவதற்கான நிகழ்தகவு என்ன என்று கணிதவியலாளரிடம் கேட்டால், சுமார் 2.8 சதவீதம் என்று கணக்கிட்டுச் சொல்லிவிடுவார். நாணயத்தை அவர் கண்ணால் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. சம வாய்ப்பு என்பது அவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அதிலிருந்து பிசிறில்லாமல் பெறப்படுவது எது என்பதே அவருடைய வேலை.

புள்ளியியலாளர் இதே கணக்கை எதிர்முனையிலிருந்து தொடங்க வேண்டியவர். நாணயம் எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. 100 முறை சுண்டியதில் 60 முறை தலை விழுந்தது என்ற செய்தி மட்டும் அவர் கைக்கு வருகிறது. அதை வைத்து நாணயம் ஒரு பக்கம் சாய்வானதா என்று அவர் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 2.8 சதவீதம் அவருக்கும் பயன்படும். ஆனால் ‘நாணயம் நேர்மையானதாக இருப்பதற்கான வாய்ப்பு 2.8 சதவீதம்’ என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்பதை அவர் அறிவார். (இந்த ஒரு பிழையைப் படித்தவர்களே ஓயாமல் செய்கிறார்கள்.) அதைவிட முக்கியமாக, சூத்திரத்தில் எங்கும் இடம்பெறாத கேள்விகளை அவர் கேட்பார். 100 முறை சுண்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தீர்களா, அல்லது தலை அதிகம் விழுந்திருந்த ஒரு நேரம் பார்த்து நிறுத்திக்கொண்டீர்களா? இதற்கு முன் வேறு நாணயங்களைச் சுண்டிப் பார்த்து, சுவையான முடிவு வராதவற்றை ஒதுக்கிவிட்டீர்களா?

இவை வெறும் சந்தேகப் பிராணியின் கேள்விகள் அல்ல. நேர்மையான நாணயத்தையே ஓயாமல் சுண்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்த்துவந்தால், ‘நேர்மையான நாணயத்தில் இப்படி நிகழ்வது மிக அரிது, ஆகவே இது சாய்வான நாணயம்’ என்று வழக்கமான அளவுகோல் சொல்லும் ஒரு கட்டம் என்றாவது ஒருநாள் வந்தே தீரும். அந்த நேரம் பார்த்து நிறுத்தியவர் எந்த நாணயத்தின் மீதும் குற்றம் சாட்டிவிடலாம். இதற்குப் பின்னால் உள்ள தேற்றத்தை 1924இல் நிறுவிய கின்ச்சின் ஒரு கணிதவியலாளர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. எண்ணிலிருந்து எது பின்தொடர்கிறது என்று ஒருவர் கேட்கிறார், அந்த எண் எப்படி வந்து சேர்ந்தது என்று மற்றவர் கேட்கிறார். என் பார்வையில் வேறுபாட்டின் வேர் இதுதான்.

கேள்வி: கோடிக்கணக்கான எண்களில் சோதித்துச் சரிபார்த்த ஒன்றைக்கூடக் கணிதவியலாளர்கள் உண்மை என்று ஏற்பதில்லை. புள்ளியியலாளர்களோ ஓராயிரம் பேரிடம் கேட்டுவிட்டு ஒரு நாட்டைப் பற்றியே பேசுகிறார்கள். ஒருவர் மிகையான பிடிவாதக்காரர், மற்றவர் மிகையான துணிச்சல்காரர் என்று கொள்ளலாமா?

பதில்: இருவருக்குமே தத்தம் அனுபவம் அப்படிக் கற்றுக்கொடுத்திருக்கிறது. 1919இல் ஜார்ஜ் போயா என்ற கணிதவியலாளர் ஓர் ஊகத்தை முன்வைத்தார். எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக எழுதலாம் அல்லவா? 12 என்பது 2×2×3, ஆகவே மூன்று காரணிகள், ஒற்றைப்படை. 10 என்பது 2×5, ஆகவே இரண்டு காரணிகள், இரட்டைப்படை. 1இலிருந்து தொடங்கி 2 அல்லது அதற்கு மேற்பட்ட எந்த எண் வரை எண்ணிப் பார்த்தாலும், காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள எண்கள் பாதிக்குக் குறையாமல் இருக்கும் என்பது அந்த ஊகம். எவ்வளவு தூரம் சோதித்தாலும் அது பொய்க்கவில்லை. ஆயினும் 1958இல் ஹேசல்குரோவ் என்ற கணிதவியலாளர் அது தவறு என்று நிறுவினார். அது முதன்முதலில் உடையும் இடம் 90,61,50,257 என்ற எண் என்பது 1980இல் தெரியவந்தது. அதற்கு முந்தைய தொண்ணூறு கோடிக்கும் மேற்பட்ட எண்கள் ஒன்றுகூட விலகாமல் ஊகத்துக்குச் சாட்சி சொல்லியிருக்கின்றன. அத்தனை சாட்சியும் வீண். இப்படி ஒருமுறை சூடுபட்ட துறை, நிரூபணம் இல்லாத எதையும் நம்ப மறுப்பதில் வியப்பில்லை.

புள்ளியியலாளரின் நிலைமை வேறு. முடிவில்லாத எண்வரிசையைப் பற்றி அவர் பேசவில்லை. எல்லையுள்ள ஒரு மக்கள்தொகையைப் பற்றி, ‘இவ்வளவு, இத்தனை சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம்’ என்று பிழைக்கு இடம்விட்டே பேசுகிறார். அவருக்குச் சூடுபோட்ட நிகழ்ச்சி 1936ஆம் ஆண்டின் அமெரிக்க அதிபர் தேர்தல். லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் சுமார் ஒரு கோடிப் பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களைப் பெற்று, லேண்டன் வெல்வார் என்று அறிவித்தது. ரூஸ்வெல்ட் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட வாக்குகளோடு வென்றார். அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லியிருந்தார். இதழ் பயன்படுத்திய முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் கார் உரிமையாளர் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதியுள்ளவர்களின் பட்டியல்கள். சீட்டை நிரப்பித் திருப்பி அனுப்பியவர்களும், அனுப்பாமல் விட்டவர்களும் ஒரே மனப்போக்குக் கொண்டவர்கள் அல்லர் என்பது இன்னொரு காரணம். கூட்டலில் எங்கும் பிழையில்லை, வந்து சேர்ந்த சீட்டுகள்தாம் ஒருபக்கச் சார்பானவை.

ஓராயிரம் பேர் போதுமா என்பது அன்று முதல் இரண்டாம் கேள்வியாகிவிட்டது. அந்த ஆயிரம் பேர் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்பதே முதல் கேள்வி.

கேள்வி: கணக்கில் ஒரு பிழையும் இல்லாமல், முடிவு மட்டும் தவறாகப் போக முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். சிறுநீரகக் கற்களுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்டு 1986இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு இதற்குப் பேர்பெற்ற சான்று. திறந்த அறுவை சிகிச்சை பெற்ற 350 பேரில் 273 பேருக்கு, அதாவது 78 சதவீதத்தினருக்கு, வெற்றி கிட்டியது. சிறு துளையிட்டுக் கல்லை அகற்றும் முறையில் 350 பேரில் 289 பேருக்கு, அதாவது 83 சதவீதத்தினருக்கு, வெற்றி. ஆகவே துளைமுறையே மேல் என்று படுகிறது. ஆனால் கற்களின் அளவைக் கொண்டு பிரித்துப் பார்த்தால், சிறிய கற்களில் திறந்த அறுவை 87க்கு 81, துளைமுறை 270க்கு 234. பெரிய கற்களில் திறந்த அறுவை 263க்கு 192, துளைமுறை 80க்கு 55. சதவீதமாக்கினால் சிறிய கற்களில் 93க்கு 87, பெரிய கற்களில் 73க்கு 69. இரண்டு பிரிவுகளிலும் திறந்த அறுவையே முந்துகிறது, இரண்டையும் சேர்த்தால் பிந்துகிறது!

ஐயம் இருப்பவர்கள் தாளில் கூட்டிப் பார்க்கலாம். ஒவ்வோர் எண்ணும் சரியாகவே இருக்கும். கடினமான பெரிய கற்கள் பெரும்பாலும் திறந்த அறுவைக்கும், எளிய சிறிய கற்கள் பெரும்பாலும் துளைமுறைக்கும் சென்றிருந்தன என்பதே இந்தத் தலைகீழ் மாற்றத்தின் காரணம். 1951இல் இதை விளக்கி எழுதிய எட்வர்ட் சிம்சனின் பெயரால் இது சிம்சன் முரண்பாடு என்று வழங்குகிறது.

இதோடு நிறுத்திக்கொண்டால், ‘எப்போதும் பிரித்துப் பார்ப்பதே சரி’ என்ற தவறான எண்ணம் தங்கிவிடும். இதே எண்கள் வேறோர் ஆய்விலிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம்: ஒரு மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைப்பதன் வழியாகவே நோயாளியைக் காக்கிறது, பிரிவுகளோ மருந்து கொடுத்த பிறகு அளந்த இரத்த அழுத்தத்தைக் கொண்டு வகுக்கப்பட்டவை. அங்கே பிரித்துப் பார்த்தால் மருந்தின் பலனையே மறைத்தவர்களாவோம். சேர்த்துப் பார்ப்பதே சரி. அட்டவணை ஒன்று, எண்களும் அவையே, சரியான முடிவு மட்டும் நேரெதிர். எதைத் தேர்வது என்பதை அந்த எண்களின் மீது எவ்வளவு கணிதம் செய்தாலும் கண்டுபிடிக்க முடியாது. கல்லின் அளவு சிகிச்சைக்கு முன்பே அமைந்தது, இரத்த அழுத்தம் மருந்துக்குப் பிறகு மாறியது என்ற, அட்டவணைக்கு வெளியே உள்ள செய்தியே தீர்ப்புச் சொல்கிறது. புள்ளியியலாளர் மருத்துவரிடம் போய் உட்கார்ந்து பேச வேண்டியிருப்பது இதனால்தான்.

கேள்வி: எப்படிப் பார்த்தாலும் புள்ளியியல் கணிதத்தின் ஒரு கிளைதானே?

பதில்: 1933இல் கணிதவியலாளர் கோல்மகோரோவ் எடுகோள்களின் மீது கட்டியெழுப்பிக் கொடுத்த நிகழ்தகவுக் கோட்பாடு கணிதமே, அதில் ஐயமில்லை. புள்ளியியல் அந்த அடித்தளத்தின் மீது நின்றாலும் அதற்குள் அடங்கிவிடுவதில்லை. 1908இல் சிறு மாதிரிகளிலிருந்து முடிவு காணும் வழியைக் கண்டு ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்ட காசெட், மதுபான ஆலையில் பணிபுரிந்தவர். இந்தியப் புள்ளியியலாளர் மகலனோபிஸ் இயற்பியலிலிருந்து வந்தவர். அமெரிக்கப் புள்ளியியலாளர் டூக்கி, கணிதத்தின் ஒரு கிளையான இடவியலில் (topology) முனைவர் பட்டம் பெற்றுப் பின்னர் தரவுகளின் பக்கம் திரும்பியவர். கணிதம் படித்துவிட்டுப் புள்ளியியலுக்கு வந்த சி.ஆர்.ராவ் 1945இல் நிறுவிய ஒரு தேற்றம், நடுநிலையான (சராசரியாகப் பார்த்தால் உண்மை மதிப்பையே தரும்) மதிப்பீடு எதுவாயினும் அதன் துல்லியம் ஓர் எல்லையைத் தாண்ட முடியாது என்கிறது. கணிதவியலாளர் எவரும் குறைசொல்ல முடியாத அந்தத் தேற்றம், மதிப்பிட வேண்டிய தேவை உள்ளவருக்குத்தான் தோன்றியிருக்கும்.

கேள்வி: மாதிரியின் பரவலை (சராசரியிலிருந்து விலகல்களின் வர்க்கங்களுடைய சராசரியை) கணக்கிடும்போது, n எண்கள் இருக்க, n−1ஆல் வகுக்கச் சொல்கிறார்கள். ஆசிரியரைக் கேட்டால் ‘சூத்திரம் அப்படி’ என்கிறார். இது யாருடைய விதி?

பதில்: இருவருக்கும் இதில் பங்குண்டு. 0, 2 என்ற இரண்டு மதிப்புகள் சம வாய்ப்புடன் வரும் ஒரு தொகுதியை எண்ணிப் பாருங்கள். அதன் சராசரி 1. சராசரியிலிருந்து விலகலின் வர்க்கம் எப்போதும் 1, ஆகவே பரவல் 1. இதிலிருந்து இரண்டு எண்களை எடுத்தால் (0,0), (0,2), (2,0), (2,2) என்ற நான்கு மாதிரிகள் சம வாய்ப்புடன் அமையும். அந்தந்த மாதிரியின் சராசரியிலிருந்து விலகல் வர்க்கங்களைக் கூட்டி 2ஆல் வகுத்தால் 0, 1, 1, 0 கிடைக்கும். இவற்றின் சராசரி அரை, உண்மையில் பாதி. 1ஆல் வகுத்தால் 0, 2, 2, 0. சராசரி சரியாக 1. மாதிரியின் சராசரி அந்த மாதிரி எண்களுக்கே நடுவில் அமைவதால் விலகல்கள் சிறுத்துப்போகின்றன. n−1 அந்தக் குறையை ஈடுகட்டுகிறது.

ஆனால் இதே நான்கு மாதிரிகளுக்குத் திட்டவிலக்கம், அதாவது பரவலின் வர்க்கமூலம், கண்டு சராசரி எடுத்துப் பாருங்கள். n−1ஆல் வகுத்த பின்னும் விடை சுமார் 0.71தான் வரும், 1 வராது. கணிதவியலாளர் இதைக் கண்டு முகம் சுளிக்கக்கூடும். மாதிரியில் ஆயிரம் எண்கள் இருந்தால் இந்தக் குறை கண்ணுக்கே தெரியாது என்பதால் புள்ளியியலாளர் அதை அப்படியே விட்டுவிட்டு, வயதுக் கட்டத்தில் 99 என்று எழுதப்பட்டிருக்கும் நாற்பது பேர் உண்மையிலேயே அந்த வயதினரா, அல்லது பதில் சொல்லாதவர்களுக்கு யாரோ இட்டு நிரப்பிய எண்ணா என்று விசாரிக்கப் போய்விடுவார்.