ஏடிஎம் கார்டு வேண்டாம், பழைய எக்ஸ்ரே இருக்கிறதா?

கேள்வி: புதுவண்ணாரப்பேட்டையில் இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். படுக்கையறைக் கதவில் உருண்டைக் கைப்பிடிப் பூட்டு. என் மூன்று வயது மகன் உள்பக்க பட்டனை அமுக்கிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டான். சாவியைக் காணோம். உள்ளே யாரும் இல்லை. கார்டு வைத்துத் திறக்கலாம் என்கிறார்கள். கதவை உடைக்க வேண்டியிருக்குமா?

பதில்: உடைக்கிற பேச்சே வேண்டாம்மா. அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு ஸ்பிரிங் நாக்கு, அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் நீள்கிற கெட்டி இரும்பு இதில் கிடையாது.

முதலில் வீட்டு ஓனரைக் கேளுங்கள். பூட்டோடு வந்த சாவிகளில் ஒன்று அவர் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். இல்லையென்றால் கைப்பிடியின் நடுவைப் பாருங்கள். சின்னத் துளை மட்டும் இருந்தால் அதிர்ஷ்டம்: ஹேர்பின்னை நேராக்கி உள்ளே அமுக்கினால் 'டக்'கென்று விட்டுவிடும். சாவித் துவாரம் இருந்தால்தான் கார்டு வித்தை.

அதற்கு ஏடிஎம் கார்டை எடுக்காதீர்கள். நம் ஊர் மர நிலையில் கதவு வந்து உட்கார ஒரு படி செதுக்கியிருப்பார்கள். அந்த மூலையில் தகடு வளைந்து உள்ளே போக வேண்டும். கார்டு வளையாது, சிப் இருக்கிற இடத்தில் முறியும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம்தான் சரி. உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, கைப்பிடிக்கு ஒரு சாண் மேலே, கதவுக்கும் நிலைக்கும் நடுவே சொருகுங்கள். கதவை முன்னும் பின்னும் லேசாக ஆட்டிக்கொண்டே ஃபிலிமைக் கீழே இழுத்து வாருங்கள். அறைக்குள் திறக்கிற கதவு என்றால் நாக்கின் சரிவு உங்களைப் பார்த்துத்தான் இருக்கும். ஃபிலிம் அதில் ஏறும்போது நாக்கு உள்ளே போய்விடும். முதல் தடவையே வராது. எனக்கே சில சமயம் பத்து தடவை ஆகும்.

நாக்கின் பக்கத்தில் இன்னொரு குட்டி ஆணி உள்ள மாடலில் இது பலிக்காது. அப்போது சாவிக்காரரைக் கூப்பிடுங்கள். பேரத்தை வேலைக்கு முன்னாலேயே பேசிவிடுங்கள். அவர் கைப்பிடியில் துளை போட வேண்டுமென்றால் போடட்டும். போவது கைப்பிடிதான், கதவு இல்லை. சன்ஷேடு வழியாக ஜன்னலுக்குப் போகிறேன் என்று வீட்டில் யாராவது கிளம்பினால் மட்டும் விடாதீர்கள். என்றைக்காவது குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டு, அடுப்போ தண்ணீர்க் குழாயோ திறந்திருந்தால் எக்ஸ்ரே தேடி நேரம் கடத்த வேண்டாம். 101 அல்லது 112க்கு அடியுங்கள்.

கதவு திறந்ததும், குழந்தை பெரிதாகும்வரை, வெளியே ஊசித் துளை உள்ள கைப்பிடியாக மாற்றிவிடுங்கள். பாரிமுனைக்குப் போகும் முன் கதவு விளிம்பிலிருந்து கைப்பிடித் துளையின் நடு வரை அளந்துகொள்ளுங்கள்; 60 அல்லது 70 மில்லிமீட்டர் இருக்கும். அது தெரியாமல் போனால் இரண்டு நடை. உங்கள் பக்கம் கடற்காற்றில் நாக்கு சீக்கிரம் துருப்பிடிக்கும். தேங்காயெண்ணெய் விட்டால் தூசி சேர்ந்து பிசினாகிவிடும். பென்சில் கூரைச் சுரண்டி அந்தக் கரிப்பொடியைத் தடவுங்கள், போதும்.