பிரனேசியை மூடி வைத்துவிடாதீர்கள்

ஐந்து பாகத் தொடர்களில் சலித்துப்போய் ஒரே புத்தகத்தில் முடியும் ஃபேன்டஸியைத் தேடினேன், சூசன்னா கிளார்க்கின் ‘பிரனேசி’யில் நாற்பது பக்கம் தாண்டியும் ஒன்றும் புரியவில்லை, விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள். எனக்கும் அதே இடத்தில்தான் முட்டியது.

கதை நடக்கும் அந்தப் பிரம்மாண்ட வீட்டின் மண்டபங்களை நீங்கள் மனதில் வரைபடமாகப் போட்டுப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது வேண்டாம். எந்தச் சிலை எந்தத் திசையில் என்பதெல்லாம் கதைசொல்லியின் கவலை. உலகத்தில் இதுவரை மொத்தம் 15 பேர்தான் இருந்திருக்கிறார்கள் என்று நம்புகிறவன் அவன்! அவன் சொல்வதை அப்படியே ஏற்காமல், அவனுக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் தெரிகிறவற்றைக் கவனியுங்கள். செவ்வாயும் வெள்ளியும் சந்திக்க வருகிற அந்த ‘மற்றவர்’ கையில் என்ன வைத்திருக்கிறார்? இவனுக்கு என்னென்ன கொண்டுவந்து கொடுக்கிறார்? கடல் புகுந்த அந்த வீட்டில் அவையெல்லாம் கிடைக்கவே முடியாதே. இதற்கு மேல் சொன்னால் கெடுத்துவிடுவேன். கதை அவனுடைய நாட்குறிப்பாகத்தான் வருகிறது; அதன் தேதிகளைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள், அவை பின்னால் தேவைப்படும்.

2020இல் வந்தது, முந்நூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் டி. கிங்ஃபிஷரின் ‘நெட்டில் அண்ட் போன்’. எலும்புகளைக் கோத்து நாய் செய்கிற இளவரசியோடு முதல் அத்தியாயமே ஓடத் தொடங்கிவிடும். 2023இல் அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டஸிக்கும் தரப்படும் ஹ்யூகோ விருது வாங்கியது. நவோமி நோவிக்கின் ‘ஸ்பின்னிங் சில்வர்’ மட்டும் இப்போதைக்கு வேண்டாம்: நல்ல நாவல்தான், ஆனால் பல பேர் ‘நான்’ என்று மாறி மாறிப் பேசுவார்கள், யார் பேசுகிறார் என்று தலைப்பில்கூட இருக்காது.