பனிக்காலத்தில் நாயுடன் வெளியே: வாசகர்களின் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

குளிர் கடுமையாகத் தொடங்கிய பிறகு வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை, இந்தப் பருவத்தில் நாயை வெளியே அழைத்துச் செல்லலாமா என்றே கேட்கின்றன. தாராளமாக அழைத்துச் செல்லலாம். ஓட்டமும் மோப்பமும் இல்லாமல் மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாய்க்கு எடை கூடும். சலிப்பில் கண்ட பொருளையும் கடித்துக் குதறும். என்னுடைய கவலையெல்லாம், எப்போது வீடு திரும்புவது என்ற முடிவை நாயிடமே விட்டுவிடுகிறவர்களைப் பற்றித்தான். கீழேயுள்ள பதில்களில் பல அந்தக் கவலையிலிருந்து எழுந்தவை.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு ஹஸ்கியும் ஒரு சிவாவாவும் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகவே நடைக்கு அழைத்துச் செல்கிறோம். எத்தனை டிகிரிக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும்?

இரண்டுக்கும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. நாயின் இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸை ஒட்டியது. அதைக் காத்துக்கொள்ள ஹஸ்கிக்கு அடர்ந்த உள்முடியும் அதை மூடிய நீண்ட வெளிமுடியும் இருக்கின்றன. சிவாவாவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லாததோடு, உடல் சிறியதாக இருப்பதால் எடையோடு ஒப்பிடும்போது வெப்பத்தை இழக்கும் தோலின் பரப்பும் அதிகம். பொதுவாக, 7 டிகிரிக்கு மேல் பெரும்பாலான நாய்களுக்குத் தொல்லை இருப்பதில்லை. 0 டிகிரியை நெருங்கும்போது சிறிய நாய்கள், முடி குறைந்தவை, குட்டிகள், முதிய நாய்கள், இதய நோயோ சிறுநீரக நோயோ சர்க்கரை நோயோ உள்ளவை ஆகியவற்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். மைனஸ் 7-க்குக் கீழே இவற்றுக்கு ஆபத்து உண்மையானது; மைனஸ் 12-க்குக் கீழே, குளிருக்குப் பழகிய வட பகுதி இனங்களைத் தவிர மற்றவற்றை இயற்கைக் கடன் கழித்தவுடன் உள்ளே அழைத்து வந்துவிடுவதே நல்லது.

இந்த எண்களைக் காற்றும் ஈரமும் தலைகீழாக்கிவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். முடிகளுக்கிடையே தேங்கி நிற்கும் காற்றுதான் வெப்பத்தைக் காக்கிறது. முடி நனைந்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடுகிறது. ஆகவே, வறண்ட மைனஸ் 5 டிகிரியைவிட மழையும் காற்றும் சேர்ந்த 3 டிகிரி உங்கள் நாய்களுக்கு அதிகக் கேடு செய்யக்கூடும். முதலில் இரண்டையும் சிறிது தூரம் அழைத்துச் சென்று, சிவாவாவை வீட்டில் விட்டுவிட்டு, ஹஸ்கியுடன் நீண்ட நடையைத் தொடருங்கள்.

கேள்வி: என் லாப்ரடார் பந்தை எறிந்துகொண்டே இருந்தால் இருட்டும்வரை பனியில் ஓடும், திரும்பி வர மறுக்கும். அப்படியானால் அதற்குக் குளிரவில்லை என்றுதானே பொருள்?

இல்லை. விளையாட்டின் கிளர்ச்சியில் இருக்கும் நாய் வலியையும் குளிரையும் களைப்பையும் வெளிக்காட்டாது. ஓடும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பம் அதைக் காக்கிறது. ஓட்டம் நின்றதும் அந்த வெப்பம் குறைகிறது, நனைந்த முடியோ வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கிறது. அதனால்தான், ஆட்டம் முடிந்து வண்டிக்குத் திரும்பும் வழியிலோ, குளிர்ந்துபோன வண்டிக்குள் காத்திருக்கும்போதோ நாய் நடுங்கத் தொடங்குகிறது.

நாய் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்குவது, உடலைக் குறுக்கிக்கொள்வது, வாலை ஒடுக்குவது, வேகம் குறைவது, முனகுவது ஆகியவை ஆரம்ப அறிகுறிகள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆட்டத்தை அங்கேயே நிறுத்துங்கள். கடுமையாக நடுங்கிக்கொண்டிருந்த நாய், உடல் சூடேறாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் தேறிவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். நடுங்கி வெப்பம் உண்டாக்கும் ஆற்றலையே உடல் இழந்துவிட்டது என்பதே அதன் பொருள். தள்ளாட்டம், மந்தம், வெளிறிய ஈறு, 37 டிகிரிக்குக் கீழே இறங்கிய உடல்வெப்பம் ஆகியவை தென்பட்டால், நாயைத் துவட்டி, உலர்ந்த போர்வையால் சுற்றி, துண்டில் பொதிந்த வெந்நீர்ப் புட்டிகளை மார்பையும் வயிற்றையும் ஒட்டி வைத்தபடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கைகால்களைத் தேய்ப்பதும், மின்சார வெப்பமெத்தையை நேரடியாகத் தோலில் வைப்பதும் கூடாது. உணர்வு மங்கிய நாயால் சுடும் பொருளிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்பதால் தோல் வெந்துவிடும்.

பந்தை எப்போது பையில் போடுவது என்பதை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுங்கள். நாய் இன்னும் விளையாடத் துடிக்கும்போதே திரும்புவதுதான் சரியான நேரம்.

கேள்வி: வெறுங்காலோடு பனியில் நிற்கும் நாய்க்குப் பாதம் உறையாதா? சாலையில் தூவும் உப்பு அதற்குக் கெடுதலா?

நாயின் பாதத்தில் வியக்கத்தக்க ஓர் அமைப்பு இருக்கிறது. பாதத்துக்குச் சூடான இரத்தத்தைக் கொண்டுசெல்லும் தமனிகளைச் சுற்றி, குளிர்ந்த இரத்தத்தைத் திரும்பக் கொண்டுவரும் சிரைகள் வலைபோலப் பின்னியிருக்கின்றன. உடலுக்குத் திரும்பும் இரத்தம் வழியிலேயே சூடேறிவிடுவதால் பாதம் உறையாமலும் உடல் குளிராமலும் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் இந்த இரத்தக்குழாய் அமைப்பை நுண்ணோக்கியின் உதவியால் விரிவாக விளக்கினார்கள். அதற்கும் எல்லை உண்டு. உப்பிடமிருந்து அது காப்பாற்றாது.

சாலை உப்பில் பெரும்பாலும் சோடியம் குளோரைடு இருக்கும். சில கலவைகளில் சேர்க்கப்படும் கால்சியம் குளோரைடு ஈரம் பட்டதும் வெப்பத்தை வெளியிடுவதால், வெடித்த பாதத்தில் எரிச்சலையும் புண்ணையும் உண்டாக்கும். வீட்டுக்கு வந்ததும் நாய் பாதத்தை நக்கினால் அந்த உப்பு வயிற்றுக்குள் போகிறது. சிறிதளவு என்றால் வாந்தியும் தாகமும் வரும். அதிக அளவில் தின்றுவிட்டால் இரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகலாம். ஆகவே, திரும்பிய உடனே வெதுவெதுப்பான நீரில் நான்கு பாதங்களையும் வயிற்றின் அடிப்பகுதியையும் கழுவி, விரல்களுக்கிடையே ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

விரலிடுக்கு முடியில் பனி உருண்டு கட்டியாகி நடையை வலியாக்குவதும் மிகச் சாதாரணமாக நடப்பதுதான். அந்த முடியைப் பாதத்தின் மட்டத்துக்கு வெட்டி, கிளம்புமுன் பாதத்துக்கான மெழுகைத் தடவுங்கள். பூட்ஸ் இவை எல்லாவற்றையும்விட நல்ல காப்பு. முதலில் வீட்டுக்குள் சில நிமிடங்கள் அணிவித்துத் தின்பண்டம் கொடுத்துப் பழக்கினால் பெரும்பாலான நாய்கள் ஏற்றுக்கொள்ளும்.

கேள்வி: நாய்க்குக் கோட் போடுவது வெறும் அலங்காரமா?

குட்டைமுடி நாய்க்கும், மெலிந்த நாய்க்கும், முதிய நாய்க்கும் அது தேவை. கழுத்திலிருந்து வாலின் அடி வரையிலும், மார்பையும் வயிற்றையும் மூடுமாறும் இருக்கட்டும். முன்கால் இடுக்கில் உராயக்கூடாது. நனைந்த கோட் இல்லாததைவிட மோசம். அடர்ந்த இரட்டை முடி உள்ள நாய்க்குக் கோட் பொதுவாகத் தேவைப்படாது.

கேள்வி: வாகன நிறுத்துமிடத்தின் தரையில் சிந்தியிருந்த ஏதோ ஒரு திரவத்தை நாய் நக்கியது. தள்ளாடியது, வாந்தி எடுத்தது. சில மணி நேரத்தில் சரியாகிவிட்டது. இனி கவலை இல்லையா?

இந்தக் கடிதத்தைப் படித்த உடனே எழுதியவரைத் தொடர்புகொண்டு மருத்துவமனைக்கு அனுப்பினேன். அதே நிலையில் இருக்கும் பிறருக்காக இங்கே விளக்குகிறேன். குளிர்காலத்தில் வாகனங்களில் ஊற்றப்படும் உறைதடுப்புத் திரவங்கள் பலவற்றில் எத்திலீன் கிளைக்கால் இருக்கிறது. அதன் இனிப்புச் சுவையால் நாய்கள் விரும்பி நக்கும். நாயின் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லி அளவே உயிரைப் போக்கப் போதுமானது.

முதலில் குடித்த நிலை போன்ற தள்ளாட்டமும் வாந்தியும் தாகமும் வரும். பிறகு நாய் தேறிவிட்டதாகத் தோன்றும் ஓர் இடைவெளி வரும், ஏமாற்றுவது அதுதான். அந்த நேரத்தில் கல்லீரல் அந்த நஞ்சை மேலும் கொடிய அமிலங்களாக மாற்றிக்கொண்டிருக்கிறது. அவற்றிலிருந்து உருவாகும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகத்தில் படிந்து, இரண்டு மூன்று நாள்களில் அதைச் செயலிழக்கச் செய்கின்றன. ஃபோமெபிசோல் என்ற மாற்று மருந்து அந்த மாற்றத்தைத் தடுக்கும். ஆனால் முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலனளிக்கும். ஐயம் எழுந்தாலே கிளம்புங்கள், அறிகுறிக்காகக் காத்திராதீர்கள். மருத்துவர் சொல்லாமல் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். இனி வாங்கும்போது புரோப்பிலீன் கிளைக்கால் கலந்ததைத் தேர்ந்தெடுங்கள். முற்றிலும் தீங்கற்றதல்ல என்றாலும் நச்சுத்தன்மை மிகக் குறைவு.

கேள்வி: நடைக்குப் பிறகு காதின் நுனி வெளிறிக் கெட்டியாக இருந்தது. தேய்த்துவிடலாமா?

தேய்க்கக்கூடாது. அது பனிக்கடியாக இருக்கலாம். காதுநுனி, வால்நுனி, பாதம் ஆகிய இடங்களில்தான் அது முதலில் வரும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை மெதுவாக ஒற்றியெடுங்கள். மீண்டும் உறைய வாய்ப்பிருக்கும் வெளியிடத்தில் சூடேற்ற வேண்டாம். சேதத்தின் உண்மையான அளவு தெரியச் சில நாள்கள் ஆகும் என்பதால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: உறைந்த ஏரியின் மேல் நாயை ஓடவிடலாமா?

விடாதீர்கள். பனிக்கட்டியின் தடிப்பு ஒரே ஏரியில் இடத்துக்கு இடம் மாறும். நீரோட்டமும் நாணலும் உள்ள இடங்களில் மிக மெல்லியதாக இருக்கும். ஏரிக்கரையில் நடக்கும்போது கழுத்துப்பட்டை வாரைக் கையை விட்டு விடாதீர்கள். நாய் உள்ளே விழுந்துவிட்டால் நீங்கள் பின்தொடர்ந்து இறங்காமல், கரையிலிருந்தே குரல் கொடுத்து அழைத்தபடி மீட்புப் படையைக் கூப்பிடுங்கள். நாயைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தவர்கள் உண்டு. கேட்கவே வேதனையாக இருந்தாலும் இதைக் கடைப்பிடியுங்கள்.

கேள்வி: குளிர்ந்த நீரில் நீந்திய மறுநாள் வால் துவண்டு தொங்குகிறது. ஒடிந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. குளிர்ந்த நீரில் நீந்திய வேட்டை நாய்களிடமும் லாப்ரடார்களிடமும் வால் தசைகள் பாதிக்கப்பட்டு இப்படி ஆவதுண்டு. ஓய்வு கொடுத்தால் சில நாள்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் சரியாகிவிடும். வலி கடுமையாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனிதர்களுக்கான வலிமாத்திரை எதையும் கொடுக்கக்கூடாது.

கேள்வி: மூட்டுவாதம் உள்ள பன்னிரண்டு வயது நாயை வீட்டிலேயே வைத்திருப்பதுதானே கருணை?

அசையாமல் கிடந்தால் மூட்டு மேலும் இறுகும். ஒரு நீண்ட நடையைப் பல குறுநடைகளாகப் பிரித்து, நண்பகலில், வழுக்காத வழியில் அழைத்துச் செல்லுங்கள். கிளம்புமுன் வீட்டுக்குள்ளேயே சிறிது நேரம் நடக்கவிட்டால் மூட்டுகள் இளகும். நடந்த மறுநாள் நாய் எழுந்திருக்கச் சிரமப்பட்டால் தூரத்தைக் குறையுங்கள்.

கேள்வி: வழியில் பனியைத் தின்கிறது, தனியாகத் தண்ணீர் வேண்டுமா?

வேண்டும். ஒரு வாய் பனியால் கேடில்லை. தாகத்துக்கு அது போதாது, உடலையும் குளிர்விக்கும். சாலையோரப் பனியில் உப்பும் கலந்திருக்கலாம். வெதுவெதுப்பான நீரைக் காப்புக்குடுவையில் எடுத்துச் செல்லுங்கள்.