அம்மா விழுந்தால் வாட்ச் சொல்லுமா?

கேள்வி: 74 வயது அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். சமீபத்தில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் வெகுநேரம் கிடந்திருக்கிறார். எனக்குச் சென்னையில் வேலை. விழுந்தால் தானாகத் தகவல் அனுப்பும் வாட்ச் 2,000 ரூபாய்க்கே கிடைக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த விலையில் பெரும்பாலும் இருப்பது ஆபத்தில் உதவிக்கு அழைக்கும் எஸ்ஓஎஸ் பட்டன்தான். அதை அம்மாவே அழுத்த வேண்டும். மயங்கிக் கிடப்பவர் எங்கே அழுத்துவது? நடையை எண்ணும் சென்சார் இருப்பதாலேயே விழுவதையும் கண்டுபிடித்துவிடாது. பெட்டியில் 'ஃபால் டிடெக்‌ஷன்' என்று தனியாகப் போட்டிருக்கிறதா பாருங்கள்.

ஆப்பிள் வாட்சில் 2018-ல் வந்த சீரிஸ் 4 முதல் இது உண்டு. சாம்சங் கேலக்ஸி வாட்ச்களிலும் இருக்கிறது. கை சடாரென்று கீழே போவதையும் தரையில் மோதுவதையும் சேர்த்துப் பார்த்துத்தான் 'விழுந்துவிட்டார்' என்று வாட்ச் முடிவெடுக்கிறது. ஆப்பிளில் மணிக்கட்டைத் தட்டி, அலாரம் அடிக்கும். சுமார் ஒரு நிமிடம் அசைவே இல்லையென்றால் அவசர எண்ணைத் தானே அழைத்து, நீங்கள் கொடுத்துவைத்த எண்களுக்கும் தகவல் அனுப்பும். நாற்காலியிலிருந்து மெல்லச் சரிந்தால் தெரியாமலே போகலாம்.

அம்மாவிடம் ஆண்ட்ராய்டு போன் என்றால் ஆப்பிள் வாட்ச் சரிவராது, அதற்கு ஐபோன் வேண்டும். சிம் வசதி இல்லாத மாடல் என்றால் போன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எந்த வாட்ச் வாங்கினாலும் செட்டிங்ஸில் இந்த வசதி ஆன் ஆகியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

சரி, இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி, பாத்ரூமுக்குள் அம்மா அதைக் கட்டிக்கொண்டு போவாரா? குளிக்குமுன் கழற்றி அலமாரியில் வைப்பவர் என்றால் பணம் வீண். தண்ணீர் படலாம் என்று எழுதியிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்கி, கழற்ற வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். ராத்திரி சார்ஜில் போடவும் கூடாது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து போகும்போதுதான் அது கையில் இருக்க வேண்டும். மாலை சீரியல் பார்க்கும் நேரத்தில் சார்ஜ் போடட்டும்.

அவசர எண்களில் உங்கள் எண்ணை மட்டும் போடாதீர்கள். சென்னையிலிருந்து நீங்கள் போய்ச் சேர எத்தனை மணி நேரம்! பக்கத்து வீட்டுக்காரர் எண்ணையும் போட்டு, வாசல் சாவி ஒன்றையும் அவரிடம் கொடுத்துவையுங்கள். பாத்ரூம் தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கிற மாதிரி இருக்கட்டும். என்னைக் கேட்டால், வாட்சுக்கு முன்னால் அங்கே கைப்பிடிக் கம்பியும் வழுக்காத தரைவிரிப்பும் போட்டுவிடுவேன்.

பெட்டியில் போட்டிருக்கும் வசதி வாட்சில் இல்லையென்றால், பில்லோடு கடையில் கேளுங்கள். மசியவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.