தக்கன பிழைக்கும் என்றால்?

அன்பின் ஐயா,

ஹட்டன் பக்கத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ஒரு பரிசளிப்பு விழாவில் பேசியவர், "லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) முன்னேறியவர்கள் முன்னேறினார்கள், மற்றவர்கள் தேங்கிவிட்டார்கள்; தக்கன பிழைக்கும் என்று டார்வினே சொல்லியிருக்கிறார்" என்றார். நல்ல கைதட்டல். மறுநாள் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "தக்கது எது? பிழைத்தது. பிழைத்தது எது? தக்கது. சுற்றிச்சுற்றி ஒன்றுதானே, சேர்?" என்ன சொல்வது?

— ஒரு வாசகர்

அன்பின் ஆசிரியருக்கு,

முதலில் மாணவிக்கு. கூர்ப்பில் (பரிணாமத்தில்) தகுதி என்பது, குறிப்பிட்ட மரபு வழி இயல்போடு பிறந்த உயிரி, குறிப்பிட்ட சூழலில், சராசரியாக எத்தனை வாரிசுகளை விட்டுச்செல்லக்கூடும் என்பதுதான். 'சராசரியாக', 'கூடும்' இரண்டையும் அவள் அடிக்கோடிடட்டும்.

கொப்புள நோய் பிடித்த தேயிலைக் கொழுந்தைத் திருப்பிப் பார்த்திருப்பீர்கள். மேலே சிறு குழி, அடியில் வெள்ளை பூத்த கொப்புளம். 1946இல் இங்கே வந்த பூஞ்சை. இளங்கொழுந்தைத்தான் பிடிக்கும்; ஈரமும் மூடுபனியும் வேண்டும், வெயில் ஆகாது. விதையில் முளைத்த தேயிலைகளில் சிலவற்றுக்கு அதைத் தாங்கும் இயல்பு பிறவியிலேயே அதிகம். யாரும் கை வைக்காமல் விட்டால், மூடுபனி படியும் மலைச்சரிவில் அந்த வகைதான் கூடுதலாக விதை விடும் என்று நட்ட அன்றே சொல்லிவைக்கலாம். பிறகு எண்ணிப் பார்க்கலாம். கணிப்பு பொய்த்தும் போகலாம். பொய்க்கக்கூடிய பேச்சு எப்படிச் சுற்றுப்பேச்சாகும்? அந்த நல்ல வகைச் செடி ஒன்றை மண்சரிவு கொண்டுபோனால் அது தகுதி இல்லாததால் போகவில்லை, கெட்ட காலத்தால் போனது. வெயில் பக்கத்துச் சரிவில் அதே இயல்பால் ஒரு லாபமும் இல்லாமலும் போகலாம்.

இனிப் பேச்சாளர். 'தக்கன பிழைக்கும்' என்ற தொடரை உண்டாக்கியவர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர், 1864இல். டார்வின் தன் 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் ஐந்தாம் பதிப்பில், 1869இல்தான் சேர்த்துக்கொண்டார். (அதே 1869இல்தான் இலங்கைக் கோப்பியில் இலைத்துரு நோய் பதிவானது. கோப்பிச் செடி ஒரே இரவில் சோம்பேறியாகிவிடவில்லை. சூழலுக்குள் புதிதாக ஒரு பூஞ்சை வந்தது, அவ்வளவுதான்.)

பேச்சாளருடைய கணக்கை அப்படியே எடுத்தால் அவருக்கே சங்கடம். வாரிசுதான் அளவென்றால், கொழும்பில் ஒரு பிள்ளையோடு இருக்கும் டாக்டரைவிட, ஐந்து பிள்ளை பெற்று வளர்த்த கொழுந்து பறிக்கும் அம்மாதான் முன்னுக்கு நிற்பார். அதைக்கூட இயற்கைத் தேர்வு என்று சொல்ல, வேறுபாடு மரபு வழியாக வந்திருக்கவேண்டும். லயத்துக் காம்பராவும் விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையும் மரபணுவில் வருவதில்லை.

வகுப்பில் ஒன்று செய்து பாருங்கள். கவ்வாத்து வெட்டி ஓயாமல் கொழுந்து பறிக்கும் செடி பூத்துக் காய்ப்பது குறைவு. ஓடைக்கரையில் கைவிடப்பட்டு மரமாகிப்போன தேயிலை பூத்து, காய்த்து, விதை உதிர்க்கும். எது தகுதி கூடியது என்று கேளுங்கள். பெரும்பாலோர் மரத்தைச் சொல்வார்கள். இரண்டும் ஒரே தாய்ச்செடியிலிருந்து தண்டு வெட்டி நட்டவை, மரபணு ஒன்றேதான் என்பதை அதற்கப்புறம் சொல்லுங்கள்.