எல்லைச் சேவை வேலைக்கு முன் பிள்ளை பராமரிப்பு

தம்பி, நிரந்தர வதிவிடத்தோடு கனடா எல்லைச் சேவையில் அதிகாரியாகச் சேரலாமா, ஐந்து வயதும் ஒன்றரை வயதுமாக இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது சரிவருமா என்று கேட்டிருந்தீர்கள்.

சேரலாம். குடியுரிமை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உயர்பள்ளிச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் இரண்டும் வேண்டும். துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சியில் சாதாரண வகை, கைத்துப்பாக்கி அடங்கும் கட்டுப்படுத்தப்பட்ட வகை இரண்டிலும் சித்தியடைய வேண்டும். அதன்பிறகு எழுத்துப் பரீட்சை, நேர்முகம், உளவியல், மருத்துவம், பாதுகாப்பு விசாரணை. புதிதாக வந்தவர்களுக்கு இழுபடுவது பாதுகாப்பு விசாரணைதான். வெளிநாட்டில் இருந்த முகவரிகளும் வேலை பார்த்த திகதிகளும் உங்கள் குடிவரவு விண்ணப்பத்தில் எழுதியதோடு ஒத்துப்போக வேண்டும். அந்தப் பிரதியை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

பயிற்சி வழமையாக நான்கு கிழமை இணையவழி, பிறகு 14 கிழமை கியூபெக்கில் ரிகோ என்ற ஊரிலுள்ள எல்லைச் சேவைக் கல்லூரியில் தங்கி. தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு. ஆனால் அந்தக் காலத்தில் சம்பளம் இல்லை, உதவித்தொகைதான். நெடுங்காலம் கிழமைக்கு 125 டொலராக இருந்ததை 525 ஆக்குவதாக 2025இல் அரசு அறிவித்தது. கூட்டினாலும் ரொறன்ரோ வாடகைக்குக் காணாது. நாலைந்து மாத வீட்டுச் செலவைச் சேர்த்து வைக்காமல் போகவேண்டாம். பயிற்சி முடிந்ததும் ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்தில்தான் போடுவார்கள் என்றும் நம்பியிருக்காதீர்கள். நாட்டில் எங்கும் போகச் சம்மதித்துத்தான் விண்ணப்பிக்கிறீர்கள். அல்பேர்ட்டாவில் கூட்ஸ், மனிட்டோபாவில் எமர்சன் போன்ற சிறிய எல்லை ஊர்களும் அதில் அடக்கம்.

உண்மையான சிக்கல் சுழற்சி முறை வேலை. இரவு, விடியற்காலை, சனி, ஞாயிறு எல்லாம் வரும். பிள்ளைக் காப்பகங்களோ பெரும்பாலும் காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரைதான். ஒன்ராறியோவில், கட்டணத்தைக் குறைக்கும் தேசியப் பிள்ளைப் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ந்த காப்பகங்களில் 2025இலிருந்து நாளுக்கு 22 டொலருக்கு மேல் வாங்கக்கூடாது என்பது பெரிய ஆறுதல், ஆனால் இடம் கிடைப்பது கடினம். சின்னவருக்கு இன்றே பெயர் பதியுங்கள். மனைவியும் சுழற்சியில் வேலை செய்பவர் என்றால் இரவுக்கு மூன்றாவது ஒருவர் கட்டாயம் வேண்டும்.

இதே பிரச்சினையைச் சட்டத்திடம் கொண்டுபோனவர் பியர்சனில் வேலை பார்த்த ஜோன்ஸ்டோன் என்ற பெண் அதிகாரி. கணவரும் அதே சேவையில் சுழற்சி வேலை. அவர் முழுநேரத்தில் நிலையான பகல் வேலை கேட்டார், பகுதிநேரம்தான் தருவோம் என்றார்கள். 2014இல் கூட்டாட்சி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: பிள்ளையைப் பராமரிக்கும் சட்டக் கடமையும் மனித உரிமைச் சட்டம் பாகுபாட்டிலிருந்து காக்கும் 'குடும்ப நிலை'க்குள் வரும். விளையாட்டுப் போட்டிக்குக் கூட்டிப்போவது போன்றவை அதில் சேராது. அதோடு, வேறு வழிகளை நியாயமான அளவுக்குத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். வாயால் மேலாளரிடம் கேட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். எந்தக் காப்பகத்தை எந்தத் திகதியில் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று முதல் நாளிலிருந்தே எழுதி வையுங்கள். கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், பிரதியைத் தொழிற்சங்கத்துக்கும் அனுப்புங்கள்.