மாடர்ன் பிரெட் என்ன ஆனது?

மாடர்ன் பிரெட் கம்பெனியை மூடிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மூடவில்லை. கைமாறிக் கைமாறி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வீட்டில் காய்ச்சல் வந்தால்தான் பிரெட். டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வழியில் அப்பா ஒரு மாடர்ன் பிரெட் வாங்குவார். அம்மா ஓரங்களைப் பிய்த்துவிட்டு, நடுப்பகுதியைச் சூடான பாலில் நனைத்து ஊட்டுவார். சுற்றியிருந்த மெழுகுத்தாளையும் தூக்கி எறிய மாட்டார். முறுக்கு டின்னின் அடியில் விரித்துவிடுவார்.

அது அரசாங்க பிரெட் என்பது வளர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாட்டில் உணவுப் பற்றாக்குறை, அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்த காலம். 1965-இல் மத்திய அரசு 'மாடர்ன் பேக்கரீஸ்' நிறுவனத்தைத் தொடங்கியது. ஆசிய நாடுகளுக்கு உதவுவதற்காகப் பல நாடுகள் சேர்ந்து நடத்திய கொழும்புத் திட்டத்தின் கீழ் ஆஸ்திரேலியா உதவியது. சோறு தின்னும் நம் பக்கத்திலும் சென்னை, கொச்சி என ஆலைகள் வந்தன. அந்த நாளில் மாவில் வைட்டமின்களோடு லைசினும் சேர்த்தார்கள். கோதுமைப் புரதத்தில் குறைவாக இருக்கும் அமினோ அமிலம் அது. அதைச் சேர்த்தால் அதே துண்டு பிரெட்டின் புரதம் உடம்பில் இன்னும் நன்றாக ஒட்டும். ஒரு துண்டு பிரெட்டுக்குள் இவ்வளவு அக்கறை இருந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமைதான்.

1977-இல் கோகோ கோலா நாட்டை விட்டுப் போனபோது வந்த 'டபுள் செவன்' பானமும் இதே நிறுவனத்துடையதுதான்.

அப்புறம் நஷ்டம் வந்தது. 2000 ஜனவரியில் 74 சதவீதப் பங்கை 105.45 கோடி ரூபாய்க்கு இந்துஸ்தான் லீவர் வாங்கியது. நிர்வாகத்தையும் சேர்த்து மத்திய அரசு தனியாருக்குக் கொடுத்த முதல் பொதுத்துறை நிறுவனம் இதுவே. மீதிப் பங்கும் 2002-இல் போனது. 2016-இல் எவர்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்கும், 2021-இல் மெக்சிகோவின் பிரெட் கம்பெனியான பிம்போவின் கைக்கும் மாறியது.

விற்றது சரியா தவறா என்று இன்னும் சண்டை நடக்கிறது. நஷ்டத்தில் ஓடிய ஆலையை விற்றதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் சத்துள்ள பிரெட்டைச் சாதாரண ஜனங்களுக்குக் கொடுப்போம் என்று ஆரம்பித்த வேலையையும் அதோடு கைகழுவிவிட்டார்களே, அதுதான் வருத்தம்.

போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். "மாடர்ன் கிடைக்குதா பாருப்பா" என்றார். இரண்டாவது கடையிலேயே கிடைத்தது, பிளாஸ்டிக் உறையில். ஓரங்களை நான்தான் பிய்த்துக் கொடுத்தேன்.